ஜமீன் பெட்டிக்குள் தூங்கும் ரகசியங்கள்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிக்குக் கொண்டாட்டம்தான். ரெயிலில் இடம் இருக்காது. பஸ்சில் நிற்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே சூடாக நாலு பஜ்ஜி தின்றால் போதும், வந்த களைப்பு பறந்துவிடும்.

அருவிக்கு வருகிறவர்கள் போகிற வழியில் பழைய மதில்களைப் பார்த்திருப்பார்கள். காரை பெயர்ந்த தூண், பூட்டிக் கிடக்கும் பெரிய கதவு, கூரை மேல் முளைத்த அரசங்கன்று. "இது யார் பங்களா?" என்று குழந்தை கேட்கும். "யாரோ ஜமீன்தாருடையது" என்று அப்பா சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

யாரோ ஜமீன்தார்! அந்த மதிலுக்குள் என்ன நடந்தது? அதை அறிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? நாட்டில் எத்தனையோ கதைகள் உலவுகின்றன. சுரங்கப்பாதையில் புதைத்த பொன், விஷம் வைக்கப்பட்ட இளையராணி, நள்ளிரவில் கேட்கும் சலங்கை ஒலி! இவற்றில் பாதிக்கு மேல் திண்ணைப் பேச்சு. ஆனால் காகிதத்தில் எழுதப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு, கோர்ட்டிலும் ஆவணக் காப்பகத்திலும் கட்டுக் கட்டாகக் கிடக்கும் கதைகள் வேறு இருக்கின்றன. சலங்கைக் கதையைவிட அவை பயங்கரமானவை.

பாளையம் போய் ஜமீன் வந்தது

தென்காசியைச் சுற்றி அந்தக் காலத்தில் பாளையங்களுக்குப் பஞ்சமே இல்லை. சிவகிரி, ஊத்துமலை, சொக்கம்பட்டி, தலைவன்கோட்டை என்று வரிசையாகச் சொல்லலாம். வெள்ளையரை எதிர்த்து வாள் தூக்கிய பூலித்தேவரின் நெற்கட்டும்செவலும் இந்தப் பக்கம்தான். 1801-ம் ஆண்டோடு பாளையக்காரர் போர் முடிந்தது. கோட்டைகளைக் கும்பெனியார் இடித்துத் தள்ளினார்கள். 1803-ம் ஆண்டில் மிஞ்சிய பாளையக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். அதற்கு 'சன்னது' என்று பெயர்.

"இனி நீ படை வைக்கக் கூடாது. வருஷா வருஷம் இவ்வளவு பணம் சர்க்காருக்குக் கட்ட வேண்டும். கட்டினால் நிலம் உனக்கு, உன் பிள்ளைக்கு, அவன் பிள்ளைக்கு!" இதுதான் சன்னதின் சாரம். நேற்று வரை வாள் பிடித்த கை, அன்று முதல் கணக்குப் புத்தகம் பிடித்தது.

ஜமீனில் ஒரு முக்கியமான விதி உண்டு. சாதாரணக் குடும்பத்தில் அண்ணன் தம்பிகள் சொத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பெரும்பாலான ஜமீன்களில் பங்கே கிடையாது. மலை, காடு, குளம், வயல், அரண்மனை எல்லாம் ஒரே ஒருவருக்கு. மற்ற பிள்ளைகளுக்கு வயிற்றுப்பாட்டுக்கு ஜீவனாம்சம் மட்டும்.

ஒருவனுக்கு எல்லாம், மற்றவனுக்குச் சோறு மட்டும் என்றால் வீட்டில் நிம்மதி இருக்குமா?

மூத்தவன் யார்?

தென்காசியிலிருந்து கடையம் வழியாகத் தெற்கே போனால் அம்பாசமுத்திரம் வரும். அதன் பக்கத்தில் ஊர்க்காடு. சேதுராயர் பட்டம் கொண்ட ஜமீன். அந்த வீட்டில் எழுந்த ஒரு கேள்வி கப்பலேறி லண்டன் வரை போயிற்று.

ஜமீன்தாருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர். முதலில் பிறந்த பிள்ளை பின்னால் வந்த மனைவிக்கு. முதலில் தாலி கட்டிக்கொண்டவளுக்குப் பிள்ளை பிந்திப் பிறந்தது. பட்டம் யாருக்கு? முதலில் பிறந்தவனுக்கா, முதல் மனைவி பெற்றவனுக்கா?

"எங்கள் குடும்ப வழக்கப்படி மூத்த மனைவி மகனுக்கே பட்டம்" என்றது ஒரு கட்சி. மறு கட்சி மறுத்தது. இங்கே நடந்த விசாரணை போதவில்லை. லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்தான் அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு மேல் கோர்ட்டு. 1872-ம் ஆண்டில் அங்கே முடிவு வந்தது. குடும்ப வழக்கம் என்று வாயால் சொன்னால் போதாது. அது தொன்றுதொட்டு மாறாமல் நடந்து வந்தது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும் என்று துரைமார் சொல்லிவிட்டார்கள். அப்படிக் காட்ட முடியவில்லை. பிறப்பால் மூத்தவனே மூத்தவன் என்று ஆயிற்று.

ஊர்க்காடு எங்கே இருக்கிறது என்று லண்டன் நீதிபதிகளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ! ஆனால் அந்தத் தீர்ப்பை வக்கீல்கள் அதன் பிறகு நாடு முழுவதும் எடுத்துக் காட்டினார்கள். குடும்ப வழக்கம் பற்றிச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் ஊர்க்காடு வந்து நிற்கும்.

இந்த வழக்குக்கு ஆன செலவை நினைத்துப் பாருங்கள். தமிழில் இருந்த ஒவ்வொரு சாட்சியத்தையும் ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். அச்சிட வேண்டும். கப்பலில் அனுப்ப வேண்டும். அங்கே வெள்ளைக்கார வக்கீலுக்குப் பவுனில் கூலி. வருஷக் கணக்கில் இழுக்கும். ஜமீன்தார் எங்கிருந்து கொடுத்தார்? வயலில் நின்ற குடியானவனிடமிருந்துதான்.

அப்பன் பட்ட கடன்

சிவகிரி வழக்கு இன்னும் சுவையானது. இன்றைய தென்காசி மாவட்டத்தின் வடக்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது சிவகிரி. அப்பா ஜமீன்தார் கடன் வாங்கினார். காலமானார். மகன் பட்டத்துக்கு வந்தார். கடன் கொடுத்த முத்தையன் செட்டியார், "பணத்தை எடு" என்றார்.

"ஜமீன் பங்கு போட முடியாத சொத்து. அப்பாவின் கடனுக்கு அது எப்படிப் பொறுப்பாகும்?" இதுதான் கேள்வி. இதுவும் லண்டன் போயிற்று. 1882-ம் ஆண்டில் தீர்ப்பு. மகன் கைக்கு வந்த ஜமீன் அப்பாவின் கடனுக்குப் பொறுப்பு உண்டு என்றது பிரிவி கவுன்சில். அதிலே ஒரு விலக்கு வைத்தது. தகாத காரியத்துக்காக வாங்கிய கடன் என்றால் மகன் கட்ட வேண்டியதில்லை!

இந்த விலக்கு துரைமார் கண்டுபிடித்தது அல்ல. நம் பழைய தர்ம சாஸ்திரங்களிலேயே உள்ளது. குடி, சூது, பெண் மோகம், அபராதம் ஆகியவற்றுக்காகத் தகப்பன் பட்ட கடன் மகனைச் சேராது என்று அவை சொல்கின்றன.

விளைவு என்ன ஆயிற்று தெரியுமா? கடனிலிருந்து தப்ப வேண்டுமானால் மகனுக்கு ஒரே வழி. "என் அப்பா ஒழுக்கங்கெட்டவர். இந்தப் பணத்தைச் சூதில் விட்டார், இன்னாருக்குக் கொடுத்தார்" என்று கோர்ட்டில் சொல்லி, அதை மெய்ப்பிக்கவும் வேண்டும். கணக்குப்பிள்ளையும் வண்டிக்காரரும் சமையல்காரரும் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டியதுதான். கடன் கொடுத்தவரோ, "இல்லை, பெரியவர் உத்தமர். கோவில் திருப்பணிக்கும் பெண் கல்யாணத்துக்கும் வாங்கினார்" என்று வாதாடுவார். தகப்பனைத் தூற்றுகிறவன் பெற்ற மகன். அவர் மானத்தைக் காப்பாற்றுகிறவர் கடன்காரர். உலகத்தில் இப்படி ஒரு கூத்து உண்டா?

நாடெங்கும் இந்த மாதிரி வழக்குகள் நடந்தன. பெரிய வீட்டு ரகசியங்கள் பல இப்படித்தான் வெளியே வந்து கோர்ட்டுக் கட்டுகளில் ஏறின. எதிரி ஒளிந்திருந்து கண்டுபிடித்தவை அல்ல. வாரிசுகளே வக்கீல் வைத்து எழுதிக் கொடுத்தவை. ஆகையால் பழைய கட்டில் ஒரு ஜமீன்தாரைப் பற்றி அசிங்கமாக எழுதியிருந்தால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. எழுதியவன் யார், எந்தக் கடனிலிருந்து தப்ப எழுதினான் என்று பார்க்க வேண்டும்.

இந்தச் சட்டம் இப்போது உண்டா என்று கேட்கலாம். 2005-ம் ஆண்டில் இந்து வாரிசுச் சட்டத்தைத் திருத்தினார்கள். மகன் என்ற ஒரே காரணத்துக்காகத் தகப்பன் கடனை அவன் தலையில் கட்டும் பழைய கடமை, அதன் பிறகு வாங்கிய கடன்களுக்கு இல்லை. தகப்பன் விட்டுப்போன சொத்து கைக்கு வந்தால், அந்தச் சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு.

நள்ளிரவில் வெடித்த துப்பாக்கி

இனிச் சொல்லப்போவது தமிழ்நாட்டையே உலுக்கிய சங்கதி.

ஜமீன்தார் இறந்து, பிள்ளை சிறுவனாக இருந்தால் சர்க்கார் ஜமீனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். இதற்கு 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' என்று பெயர். பையனைத் தாயிடமிருந்து பிரித்துச் சென்னைக்குக் கொண்டுபோவார்கள். தேனாம்பேட்டையில் நியூயிங்டன் என்ற பெரிய பங்களா. அங்கே வெள்ளைக்காரத் தலைமை ஆசிரியரின் கீழ் இளவரசர்கள் இங்கிலீசும் துரைமார் பழக்கவழக்கமும் கற்றுக்கொள்வார்கள். பட்டத்துக்கு வரும்போது அவர்கள் சர்க்காருக்கு அடங்கியவர்களாக இருக்க வேண்டும். இதுதான் நோக்கம்.

அந்தப் பங்களாவின் தலைவராக இருந்தவர் கிளமென்ட் டெலஹே துரை. மனைவி டாரதியுடன் அங்கேயே குடியிருந்தார்.

1919-ம் ஆண்டு அக்டோபர் 15-ந்தேதி இரவு. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். திடீரென்று துப்பாக்கி வெடித்தது! படுக்கையில் கிடந்த துரை பிணமானார்.

ஜாலியன் வாலாபாக்கில் ரத்தம் சிந்திய அதே வருஷம். வெள்ளைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். போலீசார் பங்களாவைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். வெளியிலிருந்து வந்த திருடன் யாரும் சிக்கவில்லை. சந்தேகம் உள்ளே இருந்த இளவரசர்கள் மேல் விழுந்தது. கடம்பூர் ஜமீன் வாரிசும் சிங்கம்பட்டி ஜமீன் வாரிசும் சிக்கினார்கள். இரண்டும் அன்றைய திருநெல்வேலிச் சீமை ஜமீன்கள்.

கொலைக்குக் காரணம் என்ன? தமிழர்களைத் துரை இழிவாகப் பேசினார், மானமுள்ள பையன்கள் பொறுக்கவில்லை என்றது ஒரு பேச்சு. துரைசானியைப் பற்றியும் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். இன்றுவரை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்தப் பேச்சைத்தான் கண் காது மூக்கு வைத்துச் சொல்கிறார்கள். கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் பெயரை நூறு வருஷம் கழித்தும் அலசிக்கொண்டிருப்பது அழகல்ல. அதை அங்கேயே விட்டுவிடலாம்.

பம்பாயில் நடந்த வழக்கு

சென்னையில் நியாயமான விசாரணை நடக்காது என்று வழக்கைப் பம்பாய் ஐகோர்ட்டுக்கு மாற்றினார்கள். சிங்கம்பட்டி இளைஞர் அப்ரூவரானார். அதாவது சர்க்கார் தரப்புச் சாட்சியாக மாறினார். கூண்டில் நின்றவர் கடம்பூர் இளைஞர்.

ஒரே பங்களாவில் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் படித்த இரண்டு பேர். ஒருவர் சாட்சிக் கூண்டில், ஒருவர் குற்றவாளிக் கூண்டில். முன்பின் பார்த்திராத ஊர். சுற்றிலும் புரியாத பாஷை. தாய்மார்கள் இங்கே திருநெல்வேலிச் சீமையில் கோவில் கோவிலாக விளக்கேற்றிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஜூரிகள் கேட்டார்கள். சாட்சியம் அவர்களுக்குத் திருப்தி தரவில்லை. 1920-ம் ஆண்டில் கடம்பூர் இளைஞர் குற்றவாளி அல்ல என்று விடுதலையானார். டெலஹேயைச் சுட்டது யார் என்ற கேள்விக்கு எந்தக் கோர்ட்டும் அதன் பிறகு விடை சொல்லவில்லை.

இந்த வழக்கில் இளைஞர் தரப்பில் வாதாடியவர்களில் ஒருவர் சென்னை வக்கீல் டாக்டர் எஸ். சுவாமிநாதன். வெற்றி பெற்றாலும் அவர் வீட்டுக்கு அதன் சூடு தட்டியது. அதுவரை வந்து போய்க்கொண்டிருந்த வெள்ளைக்கார நண்பர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். வீட்டில் இருந்த சின்னப் பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்தான் பிற்காலத்தில் நேதாஜியின் படையில் ஜான்சி ராணி ரெஜிமெண்டுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி!

99 வருஷப் பத்திரம்

கொலைக் கதை இத்துடன் முடிந்தது. பத்திரிகைகளும் மறந்தன. ஆனால் சிங்கம்பட்டி ஜமீன் கணக்கில் அது முடியவில்லை. சென்னையில் வக்கீல், பம்பாயில் வக்கீல், போக்குவரத்து, தங்கும் செலவு என்று பணம் தண்ணீராய் ஓடியிருந்தது. கடன் கழுத்தை நெரித்தது.

சிங்கம்பட்டிக்கு வயல் கொஞ்சம், காடு ஏராளம். தாமிரபரணிக்கும் மணிமுத்தாற்றுக்கும் தண்ணீர் தரும் மலை அது. அந்தக் காட்டில்தான் சொரிமுத்து அய்யனார் கோவில் இருக்கிறது. ஆடி அமாவாசையன்று ராஜ உடையில் ஜமீன்தார் வந்து அமர்வது வழக்கமாக இருந்தது. லட்சக்கணக்கில் ஜனம் கூடும்.

1929-ம் ஆண்டு பிப்ரவரியில் ஜமீன் ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தது. ஏறக்குறைய 8,374 ஏக்கர் காடு. குத்தகைக் காலம் 99 வருஷம். எடுத்தவர் பம்பாய் பர்மா வர்த்தகக் கார்ப்பரேஷன் கம்பெனி. பம்பாய் வழக்குச் செலவுதான் இந்தப் பத்திரத்துக்கு வழிவிட்டது என்று ஜமீன் குடும்பத்திலேயே சொல்லி வந்திருக்கிறார்கள்.

ஒரு துப்பாக்கிக் குண்டு தேனாம்பேட்டையில் வெடித்தது. அதன் விலையாக நூறு மைலுக்கு அப்பால் அல்ல, முந்நூறு மைலுக்கும் அப்பால் ஒரு மலையே கைமாறியது!

அந்தக் கம்பெனியும் லேசுப்பட்டது அல்ல. 1863-ம் ஆண்டில் தோன்றியது. பர்மாவில் தேக்கு வெட்டி விற்றது. கணக்கில் ஏமாற்றியதாகப் பர்மா ராஜா தீபா அதற்குப் பெரும் அபராதம் போட்டார். அந்தத் தகராறைச் சாக்காக வைத்து 1885-ம் ஆண்டில் பிரிட்டிஷ் படை மாந்தலே நகரில் நுழைந்தது. ராஜாவைப் பிடித்து இந்தியாவுக்குக் கொண்டுவந்து ரத்தினகிரியில் வைத்தது. ஒரு நாட்டின் ராஜா அபராதம் போட்டு முடியை இழந்தார். பிறகு அதே கம்பெனிக்குச் சிங்கம்பட்டி காட்டைக் கொடுத்தது!

காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்டுகள் எழுந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் கேரளப் பக்கமிருந்தும் ஏழை ஜனங்கள் மலையேறினார்கள். பெரும்பாலோர் நிலம் இல்லாத தாழ்த்தப்பட்ட மக்கள். அட்டைக்கடி, குளிர், மழை. வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் வாசம். அங்கேயே பிள்ளை பெற்றார்கள், பேரன் எடுத்தார்கள்.

ஜமீன் போயிற்று, பத்திரம் போகவில்லை

நாடு விடுதலை அடைந்ததும் 1948-ம் ஆண்டில் சென்னை சர்க்கார் ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1952-ம் ஆண்டில் சிங்கம்பட்டி ஜமீன் சர்க்கார் வசமாயிற்று. உழுதவனுக்குப் பட்டா கிடைத்தது. கிராமங்களில் மேளம் கொட்டியது.

அந்த நேரத்தில்தான் காகிதத்தின் மதிப்பு குடியானவனுக்குத் தெரிந்தது. வாரம் அளந்த ரசீது வைத்திருந்தவன் நிமிர்ந்து நின்றான். எழுதப் படிக்கத் தெரியாமல் ரசீதை அடுப்பில் போட்டவன், "நான்தான் உழுதேன்" என்று மண்ணை அள்ளிக் காட்டினான். அதிகாரி காகிதத்தைக் கேட்டார்.

மலைமேல் நிலைமை வேறு. சொந்தக்காரர் ஜமீன் என்பது போய் சர்க்கார் என்று ஆயிற்றே தவிர, கம்பெனியின் குத்தகை அப்படியே தொடர்ந்தது. தொழிலாளி கொழுந்து பறித்துக்கொண்டே இருந்தான்.

1999-ம் ஆண்டு ஜூலை 23-ந்தேதி. கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த தோழர்களை விடச் சொல்லியும், மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் கலெக்டர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போயிற்று. போலீசார் தடியடி நடத்தினார்கள். ஒரு பக்கம் தடி, மறு பக்கம் தாமிரபரணி. ஜனங்கள் ஆற்றில் குதித்தார்கள். 17 பேர் மாண்டார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. நடக்கப் பழகும் வயதுக் குழந்தை ஒன்றும் உண்டு. தாங்கள் வேலை செய்த மலையிலிருந்து இறங்கி வரும் அதே ஆற்றில் அவர்கள் உயிர் போயிற்று.

பிறகு காட்டைப் புலிகளுக்காகக் காக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. களக்காடு முண்டந்துறை 1988-ம் ஆண்டு முதல் புலிகள் காப்பகம். குத்தகை நிலமும் 2018-ம் ஆண்டில் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2024-ம் ஆண்டில் கம்பெனி வேலையை நிறுத்தியது. விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கியது. நாலு தலைமுறையாக இருந்தவர்கள் "எங்கே போவோம்?" என்று மதுரையில் உள்ள ஐகோர்ட்டுக் கிளையின் படியேறினார்கள்.

காடு பிழைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. அருவிக்குத் தண்ணீர் காட்டிலிருந்துதான் வருகிறது. ஆனால் காட்டைக் குத்தகைக்கு விட்டவர் ஜமீன்தார். வெட்டியது கம்பெனி. தொடர விட்டது சர்க்கார். வெளியேறச் சொல்லப்பட்டவர் மட்டும் கொழுந்து பறித்தவர். எந்த அரண்மனைக் கதையிலும் இதைவிட வெட்கப்படத்தக்க செய்தி இல்லை. இது எந்த இருட்டறையிலும் ஒளிந்து கிடக்கவில்லை. பத்திரத்தில், பட்டப்பகலில், ஸ்டாம்பு ஒட்டி எழுதப்பட்டிருக்கிறது.

நெய்யில் தோய்ந்து எரிந்த ஏடுகள்

இவ்வளவும் தெரியவந்தது எப்படி? காகிதம் தப்பியதால். தப்பாதவை எவ்வளவோ!

சங்கரன்கோவில் பக்கம் கரிவலம்வந்தநல்லூர் கோவிலில் பழைய பாண்டிய ராஜா ஒருவரின் ஏட்டுச் சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதய்யர் ஓடிவந்தார். ஏடுகள் எங்கே என்று கேட்டார். குப்பைகூளமாகக் கிடந்தவற்றைச் சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது. அவர் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும்! இது தென்காசிப் பாண்டியர் ஆண்ட இதே வட்டாரத்தில் நடந்தது.

ஏட்டை எரித்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. அது ஒரு மரியாதை என்று நினைத்தார்கள். ஜமீன் கணக்குகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறவர்களும் கெட்டவர்கள் அல்ல. இடம் அடைக்கிறது, கரையான் வருகிறது, வீட்டை இடித்துக் கல்யாண மண்டபம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். சிலர் மட்டும் வேறு காரணத்துக்காக எரிக்கிறார்கள். "தாத்தா பெயர் கெட்டுப்போகுமே!" என்ற பயம்.

அந்தப் பயம் வேண்டியதில்லை. தாத்தாவின் சின்னவீட்டுக் கணக்கைத் தேடி ஆராய்ச்சிக்காரர் யாரும் வரப்போவதில்லை. எந்தக் குளத்துக்கு எந்த மடை, எந்த ஊருக்கு மேய்ச்சல் உரிமை, யாரிடம் எவ்வளவு வாரம் வாங்கினார்கள், கூலியில்லாமல் வேலைக்கு வந்த குடும்பங்கள் எவை, பஞ்ச வருஷத்தில் தானியம் என்ன விலை என்பனதான் அவர்களுக்கு வேண்டும். அந்தக் கணக்கில் பெரும்பாலும் இருப்பது ஏழைகளின் பெயர். அந்த ஏழையின் பேரனுக்குத் தன் தாத்தா பெயரை எழுத்தில் காண வேறு இடம் கிடையாது.

குற்றாலத்தின் கதையும் இப்படிச் சிதறித்தான் கிடக்கிறது. கும்பெனியார் அங்கே ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டார்கள். அந்த விவரம் சர்க்கார் கட்டில் இருக்கிறது. திருவிதாங்கூர் மகாராஜாவின் அரண்மனை குற்றாலத்தில் இருக்கிறது. அது கேரள சர்க்காரின் பொறுப்பு. ஜமீன் வழக்குகள் சென்னையிலும் லண்டனிலும். தென்காசிக்காரர் தன் ஊர்க் கதையைத் தெரிந்துகொள்ள நாலு ஊர் சுற்ற வேண்டும்.

2019-ம் ஆண்டு நவம்பர் 22-ந்தேதி தென்காசி தனி மாவட்டமாயிற்று. கலெக்டர் வந்தார், போலீஸ் சூப்பிரண்டு வந்தார். ஜமீன் வீடுகளிலும் கோவில்களிலும் கர்ணம் குடும்பங்களிலும் கிடக்கும் பழைய காகிதங்களை வாங்கி வைக்க, கரையான் ஏறாத பெரிய அறை ஒன்றும், பொறுமையுள்ள குமாஸ்தா இருவரும், படம் பிடிக்க ஒரு மிஷினும் வேண்டும். கொடுக்கிறவருக்கு நகல் ஒன்று கொடுத்துவிட வேண்டும். "இன்னும் முப்பது வருஷத்துக்கு இதைக் காட்டாதீர்கள்" என்று குடும்பத்தார் கேட்டால், அந்தக் கட்டை மட்டும் முத்திரை வைத்துப் பூட்டி வைக்கலாம். அருவிக்கு வரும் கூட்டத்துக்காக வாகன நிறுத்தம் கட்டும் செலவில் கால்வாசிகூட ஆகாது.

சிங்கம்பட்டியின் கடைசி ராஜா முருகதாஸ் தீர்த்தபதி 2020-ம் ஆண்டு மே மாதம் காலமானார். சிறு வயதிலேயே பட்டம் கட்டிக்கொண்டவர். ஜமீனின் வாழ்வும் தாழ்வும் அவர் வாயிலிருந்து கேட்டுப் பலர் எழுதினார்கள். கேட்காமல் விட்டது எவ்வளவோ, அது அவரோடு போயிற்று. 99 வருஷக் குத்தகை 2028-ம் ஆண்டு பிப்ரவரியில் முடிகிறது.

வீட்டுப் பரணில் பழைய கட்டு இருந்தால் உடனே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காயப்போடாதீர்கள், மை வெளுத்துவிடும். ஒட்டிப்போன தாளைப் பலவந்தமாகப் பிரிக்காதீர்கள். பழைய பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல் மரப்பலகை மேல் வையுங்கள். ஓலைச் சுவடியானால், அறிந்தவரைக் கொண்டு புல்தைலம் தடவச் செய்யுங்கள். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே ஒரு கடிதம் போட்டுக் கேட்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன் கேளுங்கள்.